மேல் தெருவில் பெய்த மழை

அனார்கானுக்கு உலகத்தின் பெரிய நதிகளெல்லாம் அத்துப்படி. அமேசான் எங்கே பிறக்கிறது, வோல்கா எங்கே போய் விழுகிறது, நைல் எந்தெந்த நாட்டைத் தொட்டுக்கொண்டு போகிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவாள். பிஷ்கெக் நகரத்தில் மலைப்பக்கம் இருக்கிற மேல்தெருப் பள்ளிக்கூடத்தில் பூகோள ஆசிரியை. பிறந்தது அந்த ஊர், படித்தது அந்த ஊர், கல்யாணமாகிப் போனதும் நாலு தெரு தள்ளித்தான். புருஷன் ஜெங்கிஷ் ஃப்ரிட்ஜ் ரிப்பேர் செய்கிறவன். அமைதியான குடும்பம். பெரிய நதி எதையும் அவள் நேரில் பார்த்ததில்லை. அதைப் பற்றி அவளுக்குக் குறையும் இருந்ததில்லை.

ஏப்ரலில் ஒருநாள் வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போது மலையிலிருந்து மழை இறங்கியது. அனார்கான் வரைபடத்தில் காங்கோ நதியைக் காட்டிக்கொண்டிருந்தாள். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த பெரிசாத் என்ற பெண் காங்கோவைப் பார்க்கவில்லை, வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்து வாசலில், எல்லாத் தெருவிலும் இருப்பதைப்போல, மரங்களுக்குத் தண்ணீர் காட்ட வெட்டிய வாய்க்கால் ஒன்று உண்டு. அதில் தண்ணீர் கறுப்பாக, மேலே வானவில் மாதிரி எண்ணெய் படர்ந்து, நுரை தள்ளிக்கொண்டு ஓடியது.

“எஜே, இது எங்க போகுது?” என்று பெரிசாத் கேட்டாள். அந்த ஊரில் டீச்சரை எஜே என்றுதான் கூப்பிடுவார்கள். அக்கா என்று அர்த்தம்.

“கீழ போகும். ஆத்துல கலக்கும்.”

“எந்த ஆத்துல?”

அனார்கானுக்குப் பதில் தெரியவில்லை. பார்த்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தாள். ஆனால் அன்றைக்குக் காங்கோ நதி அவள் வாயில் சரியாக ஓடவில்லை.

பக்கத்து அறை ஆசிரியர்களைக் கேட்டாள். ஒருவர் ஆலா-அர்ச்சா ஆறு என்றார், இன்னொருவர் பெரிய கால்வாய் என்றார், மூன்றாமவர் பூமிக்குள் போய்விடும் என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு அவளே கிளம்பிவிட்டாள். மற்றவன் பெண்டாட்டியெல்லாம் சந்தைக்குப் போகிறாள், தன் பெண்டாட்டி சாக்கடைக்குப் போகிறாள் என்று ஜெங்கிஷ் வாசலில் நின்று கேலி செய்தான்.

அந்த ஊர் ஒரு சாய்ந்த பலகை. தெற்கே மலை, வடக்கே பள்ளம். வழி கேட்டால்கூட ‘மேலே போ’, ‘கீழே போ’ என்றுதான் சொல்வார்கள். பிறந்ததிலிருந்து அந்தச் சாய்வில் ஏறி இறங்கியவள் அவள். ஆனாலும் தண்ணீரோடு சேர்ந்து இறங்கியபோதுதான் அது எவ்வளவு பெரிய சாய்வு என்று காலில் உறைத்தது. நாலு முக்கு தாண்டியதும் குறுக்குத் தெருவின் வாய்க்கால் ஒன்று வந்து சேர்ந்தது. அடுத்த முக்கில் இன்னொன்று. கூரைக் குழாய்கள், பெட்ரோல் பங்க் தரை, பஸ் நிறுத்தம், எல்லா இடத்திலிருந்தும் சின்னச் சின்னதாக வந்து சேர்ந்துகொண்டே இருந்தன. வரைபடத்தில் அவள் விரல் வைத்துக் காட்டுகிற துணை நதிகள் எப்படிச் சேருமோ, அப்படியே.

நடுவில் வாய்க்கால் காணாமல் போய்விட்டது. அது போக வேண்டிய இடத்தில் லக்மான் நூடுல்ஸ் விற்கிற ஒரு சாப்பாட்டுக் கடை இருந்தது. கடைக்குள் போய், இங்கே ஒரு வாய்க்கால் இருந்ததே என்று கேட்டாள். பரிமாறுகிற பையன் சிரித்தான். கடை கட்டும்போது மேலே தளம் போட்டுவிட்டார்களாம். சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு கிழவர் கையை உயர்த்தி எல்லாரையும் பேசாமல் இருக்கச் சொன்னார். கரண்டிச் சத்தம் நின்றது. பாட்டை நிறுத்தினார்கள். மேஜைகளுக்கு அடியில், அவர்கள் பாதத்துக்கு அடியில், தண்ணீர் போகிற சத்தம் தெளிவாகக் கேட்டது. தினமும் அங்கே சாப்பிடுகிறவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு ஆறு தரைக்கு அடியில் போய்க்கொண்டிருக்கிறது, அதன்மேல் உட்கார்ந்து ஊர் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறது.

அன்று அவ்வளவுதான் முடிந்தது. அடுத்த ஞாயிறு விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தாள். சந்தைக்கு அடியில் நுழைந்து, ரயில் பாதைக்கு அடியில் குழாயாகப் போய், வேலியோர முட்செடிக்குள் ஒளிந்து, கடைசியில் ஊருக்கு வடக்கே கோக்-சாஸ் என்ற புதுக் குடியிருப்பில் அது வெறும் மண் ஓடையாக வெளியே வந்தது. வந்த இடத்தில் அதற்குமேல் போக வழியில்லை. பள்ளத்தில் இருந்த வீடுகளின் வாசலில் தேங்கி நின்றது. எந்த ஆற்றிலும் அது சேரவில்லை.

அவள் குனிந்து ஓடையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு வீட்டிலிருந்து தையல் ஊசி குத்திய மேல்கோட்டோடு ஒரு பெண் வந்து இடுப்பில் கைவைத்து நின்றாள். அவள் பெயர் புருல்சா. சந்தைக் கடைகளுக்குச் சட்டை தைத்துக் கொடுக்கிறவள்.

“என்ன தொலைச்சே தங்கச்சி? மோதிரமா?”

“இல்ல எஜே. எங்க ஸ்கூல் வாசல் தண்ணி எங்க போகுதுன்னு பாத்துக்கிட்டே வந்தேன்.”

எந்தப் பள்ளிக்கூடம் என்று புருல்சா கேட்டாள். சொன்னதும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு மதிலுக்கு அந்தப் பக்கம் திரும்பிக் கூப்பிட்டாள்.

“ஏ, வெளிய வாங்கடி. இத்தனை வருஷமா மேலேர்ந்து சாமான்தான் வந்துச்சு. இன்னிக்கு ஆளே வந்திருக்கு.”

பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்து எட்டிப் பார்த்தார்கள். புருல்சா அனார்கானை உள்ளே கூட்டிப்போய் ரொட்டியும் ஆப்ரிகாட் ஜாமும் வைத்து டீ ஊற்றினாள். சுவரில் பழுப்புக் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறியிருந்தன. ஒவ்வொன்றும் ஒரு மழை. தையல் மிஷின் செங்கல் அடுக்கின்மேல் உயரமாக நின்றது. கோக்-சாஸ் பெண்களுக்கு மேல் ஊரைப் பற்றிச் சொல்ல நிறைய இருந்தது.

“செப்டம்பர்னா பேனா மூடி வரும். புது வருஷம் முடிஞ்சா ஆரஞ்சுத் தோல். மார்ச் எட்டு, பெண்கள் தினம் கழிஞ்சா பூ சுத்தின காயிதம். உங்க புருஷன்மாருங்க உங்களுக்கு என்ன வாங்கித் தராங்கன்னு எங்களுக்குத் தெரியும்,” என்றாள் புருல்சா. எல்லாரும் சிரித்தார்கள். பிறகு அவள், அடிபம்ப் தண்ணீரில் மழைக்குப் பிறகு பெட்ரோல் வாடை வருவதையும், அதில் நின்ற குழந்தைகளுக்குக் காலெல்லாம் அரிப்பு வருவதையும் சொன்னபோது யாரும் சிரிக்கவில்லை.

பள்ளிக்கூடத்தில் அனார்கான் இதையெல்லாம் சொன்னாள். பிள்ளைகள் நம்பவில்லை. அவ்வளவு தூரம் போகாது எஜே, நடுவிலேயே காய்ந்துவிடும் என்றார்கள். அப்படியானால் பார்த்துவிடுவோம் என்று அவள் சொன்னாள். ஆளுக்குக் கொஞ்சம் வால்நட் கொண்டுவந்தார்கள். மிதக்கிற கொட்டை. தண்ணீரில் அழியாத சாயம் வேண்டுமே என்று யோசித்தபோது பெரிசாத் அம்மாவின் நெயில் பாலிஷைக் கொண்டுவந்தாள். சிவப்பும் ஊதாவும் தங்கநிறமுமாகக் கொட்டைகளில் அவரவர் பெயர் ஏறியது.

மே மாதம் மலைமேல் கருமேகம் திரண்டது. அனார்கான் மினிபஸ் பிடித்து கோக்-சாஸ் போய்விட்டாள். உடற்கல்வி ஆசிரியர் பிள்ளைகளோடு பள்ளிக்கூட வாசலில் நின்றார். கொட்டோ கொட்டென்று கொட்டுகிறது, ஆலங்கட்டியும் விழுகிறது, கொட்டைகளை விட்டாயிற்று என்று ஃபோனில் கத்தினார்.

கோக்-சாஸில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. தெருவில் புழுதி. ஓடை வறண்டு வெடித்துக் கிடந்தது. பெண்கள் கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார்கள். அனார்கான் சொன்னதைக் கேட்டு ஓடைக் கரையில் கூடிய அக்கம்பக்கத்தார் கொஞ்ச நேரம் நின்று, சலித்து, வீட்டுக்குப் போய்விட்டார்கள். ஒரு சினிமா பார்த்து முடிக்கிற நேரம் ஆகியிருக்கும். அனார்கானும் நம்பிக்கை இழந்து பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். அப்போது புருல்சாவின் நாய் எழுந்து நின்று ரயில் பாதைப் பக்கம் பார்த்துக் குரைத்தது.

முதலில் சத்தம் வந்தது. காய்ந்த இலை உருள்கிற மாதிரி ஒரு சத்தம். பிறகு ஓடையின் வளைவில் தண்ணீரின் முகம் தெரிந்தது. அது தண்ணீர் மாதிரியே இல்லை. பாட்டில், பை, சிகரெட் துண்டு, தூசி, நுரை எல்லாவற்றையும் முன்னால் தள்ளிக்கொண்டு, கறுப்பாக, அவசரமே இல்லாமல் வந்தது. அதற்குப் பின்னால் வேகம். நீல வானத்துக்குக் கீழே, ஒரு துளிகூட விழாத தெருவுக்குள், எங்கேயோ பெய்த மழை நடந்து வந்துகொண்டிருந்தது. அனார்கான் வாயைத் திறந்தபடி நின்றாள். எத்தனையோ வருஷம் அவள் வடிநிலம் என்ற வார்த்தையைக் கரும்பலகையில் எழுதியிருக்கிறாள். அது இப்படி எதிரே வந்து நிற்கும் என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை.

“அதோ,” என்று ஒரு குழந்தை கை நீட்டியது. நுரைக்கு நடுவே ஒரு சிவப்புப் புள்ளி. அப்புறம் தங்கநிறம். அப்புறம் ஒரு கூட்டமே ஆடிக்கொண்டு வந்தது. அனார்கான் பூட்ஸோடு இறங்கிக் கைக்கு அகப்பட்டதை எடுத்தாள். பெரிசாத் என்று எழுதியிருந்தது. ஜன்னலுக்கு வெளியே அந்தப் பெண் பார்த்த தண்ணீர்தான் இது.

அதற்குமேல் வியந்து நிற்க நேரமில்லை. தண்ணீர் கரை ஏறிவிட்டது. புருல்சா தைத்த சட்டை மூட்டைகளைக் கட்டில்மேல் தூக்கிப் போட, அனார்கான் பாயைச் சுருட்டினாள். முழங்கால் தண்ணீரில் நின்று இருவரும் கதவுக்கு அடியில் துணி அடைத்தார்கள். அது நிற்கவில்லை.

மறுநாள் வகுப்பு முழுவதையும் பஸ்ஸில் கூட்டிவந்தாள். பிள்ளைகள் வழியெல்லாம் கொட்டைகளைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார்கள். புருல்சாவின் வீட்டுக்குள் கால் வைத்ததும் பேச்சு நின்றது. தரையெல்லாம் கறுப்புச் சேறு. வாளியை எடுத்து அள்ள ஆரம்பித்தார்கள். பெரிசாத் மட்டும் சுவரோரம் காய்ந்திருந்த நுரையை விரலால் தொட்டு மோந்து பார்த்தாள். அது அவளுக்குப் பழகின வாசனை. வாளியை எடுத்து மற்றவர்களைவிட வேகமாக அள்ளினாள்.

பெரிசாத்தின் அப்பா சோபுபெக் மேல் தெருவில் கார் கழுவும் கடை வைத்திருந்தவர். நல்ல உழைப்பாளி, நாலு பேரிடம் சிரித்துப் பேசுகிறவர், முன்கோபி. அன்று வீட்டில் என்ன நடந்ததோ, மறுநாள் காலை பள்ளிக்கூட வராந்தாவில் வந்து நின்றார்.

“எஜே, என் பொண்ணுக்கு நதி, மலை சொல்லிக்குடுங்க. என் கடையைப் பத்திச் சொல்லிக்குடுக்கச் சொன்னது யாரு?”

“நான் சொல்லல பைக்கே,” என்று அண்ணன் முறை வைத்துச் சொன்னாள் அனார்கான். “அவளே மோந்து பாத்துக் கண்டுபிடிச்சா.”

“மழைன்னா தண்ணி ஓடத்தான் செய்யும். பள்ளத்துல போயி வீடு கட்டினா நனையத்தான் வேணும். இதுக்கு நான் என்ன பண்ண?”

“ஒரே ஒரு மழைக்கு என்கூட வந்து அங்க நில்லுங்க. அதுக்கப்புறம் நீங்க என்ன சொன்னாலும் கேட்டுக்கறேன்.”

அவர் வாசல் கேட்டை அறைந்து மூடிவிட்டுப் போனார். ஆனால் வீட்டில் மகள் அவர் முகத்தைப் பார்க்காமல் சாப்பிட்டுவிட்டு எழுந்துபோவது அவரால் தாங்க முடியவில்லை. ஜூன் மாதம் மேகம் கூடிய ஒரு மத்தியானம், அனார்கான் ஏறிய மினிபஸ்ஸில் கடைசி நிமிஷத்தில் அவரும் ஏறினார். பளபளவென்று பாலிஷ் போட்ட ஷூ.

அவர் யாரென்று புருல்சாவுக்குத் தெரியாது. டீச்சரோடு வந்த விருந்தாளி என்று நாற்காலி போட்டு, கையில் டீக் கிண்ணத்தைக் கொடுத்தாள். ஓடையில் சத்தம் கேட்டது. கறுப்பு முகம் வந்தது. அதன்பின்னால் முழங்கால் உயரத்துக்கு வெள்ளை நுரை பொங்கிக்கொண்டு வந்தது. அதோடு முலாம்பழ வாசனை தெருவெல்லாம் நிறைந்தது.

சோபுபெக்கின் கடை ஷாம்புக்கு அந்த வாசனை. எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து தனியாக வரவழைக்கிறவர், வேறு யாரிடமும் கிடைக்காது என்று வாடிக்கையாளர்களிடம் பெருமை அடிப்பவர். கிண்ணத்தோடு நாற்காலியிலிருந்து எழுந்தார்.

“எங்க ஊரு மழை வாசனை இது,” என்றாள் புருல்சா. “பிள்ளைங்க பழம் வருதுன்னு சொல்லும்.”

தண்ணீர் அவர் ஷூவைத் தொட்டது. அவர் காலை எடுக்கவில்லை.

“இது என்னுது,” என்றார்.

“எது?”

“இந்த நுரை. என் கடையிலேர்ந்து வருது எஜே.”

புருல்சா அவரை மேலும் கீழும் பார்த்தாள். திட்டப்போகிறாள் என்று அனார்கான் நினைத்தாள். புருல்சா பாயைச் சுருட்டி அவர் தோளில் போட்டாள். “அப்படின்னா சும்மா நிக்காதீங்க. இதைக் கட்டில்மேல வைங்க,” என்றாள்.

அன்று இருட்டும்வரை அவர் சேறு அள்ளினார். திரும்பும் பஸ்ஸில், அவ்வளவு தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டார். தன் கடை மட்டும் இல்லையே என்றார். இல்லை, எல்லார் கூரையும் எல்லார் வாசலும்தான் என்று அனார்கான் சொன்னாள்.

அந்த வாரமே கடையைப் பாதி நாள் அடைத்துவிட்டு, கழுவின தண்ணீர் தெருவுக்குப் போகாமல் தொட்டியில் விழுகிற மாதிரி அவர் சரிசெய்தார். அதற்குமேல் அவர் செய்ததை அனார்கான் எதிர்பார்க்கவில்லை. இலையுதிர் காலத்தில் பெற்றோர் கூட்டம் போட்டபோது, அவள் இரண்டு மாவு பிசையும் பலகைகளைக் கொண்டுபோயிருந்தாள். ஒன்றில் மேஜை விரிப்பு பிளாஸ்டிக், இன்னொன்றில் புல்லோடு பெயர்த்த மண். இரண்டையும் சாய்த்து வைத்து, இரண்டின்மேலும் ஒரே அளவு தண்ணீரை ஊற்றினாள். பிளாஸ்டிக்கில் ஊற்றியது சட்டென்று முன்வரிசை ஆட்களின் மடியில் கொட்டியது. புல்லில் ஊற்றியது வரவில்லை. எல்லாரும் காத்திருந்தார்கள். நீண்ட நேரம் கழித்து ஓரத்திலிருந்து சொட்டுச் சொட்டாக விழுந்தது. அப்போது சோபுபெக் எழுந்து, நம் தெரு இப்போது அந்த பிளாஸ்டிக்தான், அது கொட்டுகிற மடியில் நான் போய் நின்றேன் என்று சொல்லி, கோக்-சாஸில் பார்த்ததை விவரித்தார். டீச்சர் சொன்னால் பாடம் என்று கேட்டுவிட்டுப் போகிறவர்கள், கார் கழுவுகிறவர் சொன்னதும் வீட்டுக்குப் போய் வாசலைப் பார்த்தார்கள்.

வாசல்களில் வாய்க்காலை மூடிப் போட்ட சிமெண்டை வசந்தம் வருவதற்குள் பலர் உடைத்தார்கள். மரங்களைச் சுற்றிப் பழையபடி பாத்தி வெட்டினார்கள். தண்ணீரைத் திருப்ப மடைப்பலகை வைத்தார்கள். கூரைக் குழாயைத் தோட்டத்துக்குத் திருப்பினார்கள். எல்லாரும் இல்லை. புதிதாகக் கிரானைட் பதித்த ஒருவர், பக்கத்தில் வந்தால் நாயை அவிழ்த்துவிடுவேன் என்றார். விட்டுவிட்டார்கள்.

அடுத்த ஏப்ரலில் பெரிய மழை வந்தது. வகுப்பு நடந்துகொண்டிருந்தது. தலைமை ஆசிரியையின் அனுமதியை எதிர்பார்க்காமலே பிள்ளைகள் எழுந்து வெளியே ஓடினார்கள், அனார்கான் பின்னால் ஓடினாள். மேல் தெரு முழுக்க ஆட்கள் நின்றார்கள். மழைக்கோட்டு, தலையில் பிளாஸ்டிக் பை, கையில் மண்வெட்டி. யாரும் கூப்பிட்டு வந்தவர்கள் இல்லை. ஒவ்வொருவரும் தன் வாசல் பலகையை இழுத்து, தண்ணீரைத் தன் மரத்துக்குத் திருப்பிவிட்டுக்கொண்டிருந்தார்கள். நிரம்பினதும், விடறேன், பிடிச்சுக்கோ என்று அடுத்த வீட்டுக்குக் குரல் கொடுத்தார்கள். அந்தக் குரல் வீடு வீடாகக் கீழே இறங்கிப் போனது.

அனார்கான் புருல்சாவுக்கு ஃபோன் போட்டாள். இங்கே ஊற்றுகிறது என்றாள்.

“இங்க வெயிலு. இன்னும் வரல,” என்றாள் புருல்சா.

போன வருஷம் தண்ணீர் அங்கே போய்ச் சேர எடுத்த நேரம் கடந்தது. பெரிசாத் ஃபோனைச் சுற்றி நின்ற பிள்ளைகளைச் சத்தம் போடாமல் இருக்கச் சொன்னாள். சோபுபெக் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றார்.

“இன்னும் வரல,” என்றாள் புருல்சா. கொஞ்ச நேரம் கழித்து அவளே கூப்பிட்டாள். “வரல. நாய்கூடத் தூங்குது.”

மாலையில்தான் வந்ததாம். ஓடையின் பாதியளவு, மண் நிறத்தில். வாசல்படிக்குக் கீழேயே போய்விட்டதாம். சோபுபெக் ஃபோனை வாங்கி, என்ன வாசனை வருகிறது என்று கேட்டார். மழை வாசனைதான், வேற என்ன வரணும் என்று அவள் கேட்டாளாம். அவர் ஃபோனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

கோக்-சாஸுக்கு வேறு வாய்க்கால்களும் வருகின்றன. அதே மழையில் பக்கத்துத் தெருவில் முழங்கால் தண்ணீர் நின்றது. அந்த வாய்க்கால்களின் மேல்முனையைத் தேடி அனார்கான் இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் நடக்கிறாள். போய்ச் சேருகிற பள்ளிக்கூடத்தில் இடம் கேட்டு, மாவுப் பலகைகளைச் சாய்த்து வைக்கிறாள். ஜெங்கிஷ் பலகைகளைத் தூக்கிக்கொண்டு பின்னால் வருகிறான்.

அந்த ஏப்ரல் மழை ஓய்ந்த அன்று பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகு அவள் பள்ளிக்கூட வாசல் பாப்லார் மரத்தடியில் தனியாக நின்றாள். பாத்தியில் தண்ணீர் கணுக்கால் அளவு நின்றது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது குறைந்தது. மண்ணிலிருந்து சின்னச் சின்னக் குமிழிகள் வந்து உடைந்தன. ஒரு தெருவே மழையை மெதுவாகக் குடித்துக்கொண்டிருந்தது. தேடி வந்த ஜெங்கிஷ், உடம்பெல்லாம் நனைந்துவிட்டதே, வா போகலாம் என்றான். இரு, இன்னும் கொஞ்சம் பார்க்கிறேன் என்று சொன்னாள் அனார்கான். அவனும் பக்கத்தில் வந்து நின்றான்.